குவார்க்கைத் தனியே பிடிக்காமல் நோபல் பரிசா?

கேள்வி: திருகோணமலையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். "குவார்க்கை ஒருவரும் தனியாகப் பிடிக்கவில்லையே, பிறகு எதற்கு நோபல் பரிசு?" என்று பிள்ளைகள் மடக்குகிறார்கள். ஒரு பாடவேளைக்குள் எதைக் காட்டலாம்?

பதில்: நல்ல கேள்விதான். புரோத்தன் போன்றவற்றுக்குள் இருக்கும் மிகச் சிறிய துணிக்கைதான் குவார்க். 1964இல் கெல்-மான், ஸ்வைக் என்ற பௌதிகவியலாளர்கள் அதைப் பற்றிச் சொன்னபோது பெரிய விஞ்ஞானிகளே அதைக் கணக்குக்கு உதவும் கற்பனை என்றுதான் நினைத்தார்கள். புரோத்தனின் ஏற்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் என்றால் யார் நம்புவார்?

வகுப்புக்கு ஒரு கரம் போட் போதும். நடுவில் கொஞ்சம் பஞ்சைப் பரப்பி, நான்கு மூலையிலும் கொப்பிகளை அடுக்கி, மேலே மட்டையால் மூடுங்கள். ஒரு பிள்ளை போளைகளை உருட்டட்டும். அவை வேகம் குறைந்து, கிட்டத்தட்ட நேராகவே வெளியே வரும். அப்புறம், பிள்ளைகள் பாராமல், பஞ்சை எடுத்துவிட்டு மூன்று கூழாங்கற்களை ஒட்டிவையுங்கள். பல போளைகள் நேரே போகும். ஆனால் ஒன்றிரண்டு 'டக்' என்று பக்கவாட்டில் தெறிக்கும். அந்த ஒன்றிரண்டில்தான் விஷயமே இருக்கிறது.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் 1967இல் தொடங்கிய சோதனைகளில் நடந்ததும் இதுதான். 3 கிலோமீற்றர் நீள ஆர்முடுக்கியிலிருந்து சுமார் 20 ஜிகா இலத்திரன்வோல்ற்று வரையான சக்தியில் இலத்திரன்களைத் திரவ ஐதரசன் மீது பாய்ச்சினார்கள். ஐதரசனின் கரு ஒரு புரோத்தன்தான். புரோத்தன் பஞ்சு மாதிரி இருந்திருந்தால் பெரிய கோணத்தில் சிதறுபவை மிக அரிதாக இருக்கும். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு அதிகமாக வந்தன. உள்ளே சிறிய, கடினமான ஏதோ இருக்கிறது! அணுவில் கருவைக் கண்டுபிடித்த ரதர்போட்டின் வழிதான். சக்தி மட்டும் மிகப் பெரிது. ஃபிரீட்மன், கெண்டல், டெய்லர் மூவருக்கும் பரிசு கிடைத்தது 1990இல்தான். (என்னைக் கேட்டால் மிகவும் பிந்திவிட்டது.)

1974இல் ரிக்டரும் டிங்கும் தனித்தனியே கண்ட ஜே/சை துணிக்கை, சார்ம் என்ற இன்னொரு வகைக் குவார்க்குக்குச் சாட்சி. அதற்கு 1976இலேயே நோபல். நேரமிருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

"அடித்தால் ஏன் குவார்க் தனியே வெளியே வராது?" என்று அடுத்துக் கேட்பார்கள். தூரம் கூடினாலும் அவற்றின் பிணைப்பு விசை தளராது. இழுக்கச் செலவிடும் சக்தியே புதிய குவார்க்-எதிர்குவார்க் சோடியாகிவிடும். வெளியே வருவது மீண்டும் கூட்டுத் துணிக்கைதான்.

மணி அடித்ததும் மட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்வார்கள். காட்டாதீர்கள். கற்கள் எத்தனை, எங்கே என்பதைப் போளைகள் தெறித்த திசைகளை வைத்தே கொப்பியில் வரைந்து வரட்டும்.