வால்வு மாற்றியவர் சாலட் இலை சாப்பிடலாமா?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன், வயது 56. இதயத்தில் உலோக வால்வு வைத்து, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். மகள் ஏற்காடு போய்வந்தபோது பல வகை இளம் இலைகள் கலந்த சாலட் பாக்கெட் வாங்கி வந்தாள். எனக்குக் கீரையே ஆகாது என்கிறார்கள். இதைச் சாப்பிடலாமா? எப்படிச் செய்வது?

பதில்: பயப்படாமல் சாப்பிடலாம். கீரையில் உள்ள வைட்டமின் கே வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யும் என்பது உண்மைதான், ஆனால் சிக்கல் கீரையில் இல்லை, ஒரு வாரம் தட்டு நிறையச் சாப்பிட்டுவிட்டு அடுத்த வாரம் தொடாமலே விடுவதில்தான் இருக்கிறது. திடீரென்று கூட்டினால் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) இறங்கி வால்வில் ரத்தம் உறையலாம், திடீரென்று நிறுத்தினால் ஏறி ரத்தக்கசிவு வரலாம்.

பாக்கெட்டைப் பிரித்துப் பாருங்கள். சுருள் சுருளாக இருப்பது லெட்டூஸ், ஓரம் வெட்டுப்பட்டு, கடித்தால் கடுகுக் காரம் அடிப்பது அருகுலா, வழவழவென்று கரும்பச்சையாக இருப்பது இளம் பாலக். பாலக்கில்தான் வைட்டமின் கே எக்கச்சக்கம்: 100 கிராமில் சுமார் 480 மைக்ரோகிராம், பச்சை லெட்டூஸில் சுமார் 125தான். வேகவைத்தால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், போகாது. வெந்தால் ஒரு கிண்ணம் இலை நாலு ஸ்பூனாகச் சுருங்கும், அதனால் அளவைப் பச்சையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, சமையல். பாலக்கை, பாசிப்பருப்பு வெந்து இறக்கும் நேரத்தில் போட்டு மூடினால் போதும். லெட்டூஸை அடுப்பில் ஏற்றாதீர்கள், கொழகொழத்துவிடும். ஊறிய பாசிப்பருப்பு, கேரட் துருவல், எலுமிச்சை, கடுகு தாளிப்பு என்று கோசுமல்லி செய்து, இலையைக் கடைசியில் கிள்ளிப் போடுங்கள், முன்னாலேயே போட்டால் உப்பு பட்டுத் தண்ணீர் விடும். தாளிக்கும் எண்ணெய் ருசிக்கு மட்டுமல்ல, இலையிலுள்ள பீட்டா கரோட்டின் உடம்பில் சேரவும் அது வேண்டும். அருகுலா, தேங்காய் பச்சைமிளகாயோடு அரைத்தால் நல்ல சட்னி. நம்ம ஊர் தட்டுவடை செட்டுக்குள் பீட்ரூட் துருவலோடு நாலு இலை வைத்துப் பார்த்தேன், அட்டகாசம்.

கழுவிய இலை என்று பாக்கெட்டில் போட்டிருந்தாலும் நம்பாதீர்கள், மண்ணோடு நாடாப்புழு முட்டையும் வரலாம். அகலமான பாத்திரத்தில் மூன்று தண்ணீர் அலசி, ஒவ்வொரு முறையும் இலையைக் கையால் தூக்கி எடுங்கள், கவிழ்த்து வடித்தால் அடியில் படிந்த மண் திரும்ப இலைமேலேயே விழும்.

வாரம் இரண்டு நாள், ஒரு கைப்பிடி என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கும் முன் உங்கள் இதய மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ஒரு வாரம் கழித்து ஐஎன்ஆர் பாருங்கள். மாத்திரை அளவை நீங்களாக மாற்றவே கூடாது. ஈறில் ரத்தம் நிற்காமல் கசிந்தாலோ மலம் கறுப்பாகப் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.