பழைய லேப்டாப்பில் டெபியன்: க்னோமை விட்டு இலகுவான டெஸ்க்டாப்புக்கு மாறுவது எப்படி?

கேள்வி: என்னுடையது பத்து வருடம் ஓடிய லேப்டாப். இரண்டு கோர் இன்டெல் பிராசசர், 4 ஜிபி ரேம், பழைய சுழலும் ஹார்டு டிஸ்க். டெபியன் 13 நிறுவும்போது கேட்டதற்கெல்லாம் அப்படியே சரி கொடுத்ததால் க்னோம் வந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸில் நாலைந்து டேப் திறந்தாலே மவுஸ் அம்புகூட நகராமல் உறைந்துபோகிறது. எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி, வெறும் ஓப்பன்பாக்ஸ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைப் போடலாம்? எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து வர வேண்டுமா?

பதில்: எதையும் அழிக்க வேண்டாம். இருக்கிற டெபியன் மேலேயே எக்ஸ்எஃப்சிஇ போடுங்கள், உங்கள் 4 ஜிபிக்கு அது போதும். லினக்ஸில் டெஸ்க்டாப் என்பது கழற்றி மாட்டக்கூடிய ஓர் அடுக்குதான். ஒரே கணினியில் இரண்டு மூன்றைக்கூட வைத்துக்கொண்டு, உள்நுழையும்போது இன்றைக்கு எது என்று தேர்ந்தெடுக்கலாம். உங்கள் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது.

ஆனால் டெஸ்க்டாப்பை மாற்றினால் மட்டும் உறைவது நின்றுவிடாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். க்னோமிலிருந்து எக்ஸ்எஃப்சிஇக்கு வந்தால் மிச்சமாகிற ரேமைக் கனமான ஒன்றிரண்டு இணையப் பக்கங்களே விழுங்கிவிடும். அதனால் டெஸ்க்டாப், ஸ்வாப் (ரேம் நிரம்பும்போது வழிவதை வைத்துக்கொள்ளும் இடம்), பிரவுசர் மூன்றையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். டிஸ்கில் நிறுவப்பட்டிருக்கும் நிரல் ரேமைத் தின்பதில்லை, ஓடிக்கொண்டிருக்கும் நிரல்தான் தின்னும். லிப்ரே ஆஃபீஸ் முழுவதும் நிறுவியிருந்தாலும் அதைத் திறக்காதவரை ரேமில் அதற்கு இடமே இல்லை. இது தெரியாமல்தான் பலர், பரிந்துரைக்கப்பட்ட துணைப் பொதிகள் (பேக்கேஜ்கள்) எதுவும் வேண்டாம் என்று, நிரல்களை நிறுவும் கருவியான ஆப்ட்டிடம் சொல்லி, எலும்புக்கூடு மாதிரி ஒரு டெஸ்க்டாப்பை நிறுவுகிறார்கள். மிச்சமாவது பெரும்பாலும் டிஸ்க் இடம்தான், ரேம் இல்லை. பதிலுக்கு வரும் தொல்லையோ ஏராளம்: ஜிவிஎஃப்எஸ் என்ற துணைப் பொதி இல்லாததால் எக்ஸ்எஃப்சிஇயின் துனார் கோப்பு மேலாளரில் குப்பைத் தொட்டி வராது, பென் டிரைவ் செருகினால் ஐகான் தெரியாது. நெட்வொர்க் மேனேஜரின் ஆப்லெட் இல்லாததால் வைஃபையைத் தேர்ந்தெடுக்கப் பேனலில் ஒன்றுமே இருக்காது. நிர்வாகி உரிமை கேட்கும் பாலிசிகிட் ஏஜென்ட் இல்லையென்றால் கடவுச்சொல் கேட்க வேண்டிய இடத்தில் எந்தச் சாளரமும் வராமல், கிளிக் செய்தது அப்படியே காற்றில் போய்விடும். புதிதாக வருகிறவர்கள் இதையெல்லாம் பார்த்துவிட்டு லினக்ஸே சரியில்லை என்று திரும்பிப் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். முழுதாக நிறுவுங்கள், அப்புறம் ஓட வேண்டாததை நிறுத்துங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு வருகிறேன். எக்ஸ்எஃப்சிஇ 1996-ல் தொடங்கிய திட்டம், மெதுவாகத்தான் மாறும், நேற்று இருந்த பொத்தான் இன்றும் அதே இடத்தில் இருக்கும். ரேம் 2 ஜிபி மட்டும் என்றால் எல்எக்ஸ்க்யூடி பக்கம் போகச் சொல்லியிருப்பேன். எல்எக்ஸ்டிஇயின் க்யூடி பதிப்பு, ரேசர்-க்யூடி என்ற இரண்டு டெஸ்க்டாப் திட்டங்கள் இணைந்து உருவான இதன் முதல் வெளியீடு 2014-ல் வந்தது. எக்ஸ்எஃப்சிஇயைவிட இன்னும் கொஞ்சம் இலகு, ஆனால் அமைப்புகள் அங்கங்கே சிதறிக் கிடக்கும், பழகக் கொஞ்சம் பொறுமை வேண்டும். வெறும் ஓப்பன்பாக்ஸ் என்பது சாளர மேலாளர் மட்டும்தான். பேனல், ஒலி, பேட்டரி, அறிவிப்பு எல்லாவற்றையும் நீங்களே ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும், கோத்து முடித்தபிறகு ரேம் கணக்கைப் பார்த்தால் எல்எக்ஸ்க்யூடிக்குப் பக்கத்தில் வந்து நிற்பீர்கள். கோப்பதே பிடிக்கும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், வேகத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

நிறுவும் முறை எளிது. டெர்மினலில் ரூட் உரிமையோடு டாஸ்க்செல் கட்டளையை ஓட்டினால், டெபியனை நிறுவும்போது பார்த்த அதே பட்டியல் வரும். அதில் எக்ஸ்எஃப்சிஇக்கு எதிரே ஸ்பேஸ் தட்டி டிக் போட்டுச் சரி கொடுங்கள். ஏற்கெனவே டிக் இருப்பவற்றை இப்போது எடுக்காதீர்கள், எடுத்தால் அதை நீக்கச் சொல்வதாக எடுத்துக்கொள்ளும். நடுவில் உள்நுழைவுத் திரைக்கு ஜிடிஎம் வேண்டுமா லைட்டிஎம் வேண்டுமா என்று கேட்டால் லைட்டிஎம் சொல்லுங்கள். ஜிடிஎம் வெறும் உள்நுழைவுத் திரையைக் காட்டுவதற்கே க்னோம் ஷெல்லை எழுப்பும், சுழலும் டிஸ்கில் அது கணிசமான நேரம். கேள்வியே வரவில்லையா, லைட்டிஎம் பொதியை மறுஅமைப்பு செய்யச் சொல்லி டிபிகேஜி-ரீகான்ஃபிகரை ஓட்டினால் கேட்கும். மறுபடி தொடங்கி, உள்நுழைவுத் திரையில் இருக்கும் செஷன் பட்டியலில் எக்ஸ்எஃப்சிஇயைத் தேர்ந்தெடுங்கள். டெபியன் 13-ல் வரும் எக்ஸ்எஃப்சிஇ 4.20-ல் திரையில் சாளரங்களை வரையும் புதிய முறையான வேலாண்டுக்கான ஆதரவு இன்னும் சோதனை நிலைதான், பழைய முறையான எக்ஸ்11-லேயே இருங்கள்.

உள்ளே வந்ததும் எந்த நிரலையும் திறக்காமல், டெர்மினலில் ஃப்ரீ கட்டளையை ஓட்டி "அவைலபிள்" என்கிற கடைசி நெடுவரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். "ஃப்ரீ" நெடுவரிசை குறைவாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சும்மா கிடக்கும் ரேமை லினக்ஸ் கோப்புத் தற்காலிகச் சேமிப்புக்குப் பயன்படுத்திக்கொள்ளும், நிரல் கேட்டால் உடனே விட்டுக்கொடுத்துவிடும்.

இனி களையெடுப்பு. செட்டிங்ஸில் "செஷன் அண்ட் ஸ்டார்ட்அப்" போய், தானாகத் தொடங்கும் நிரல்களின் பட்டியலைப் பாருங்கள். ப்ளூடூத் பயன்படுத்தாவிட்டால் ப்ளூமேன், பிரிண்டர் இல்லாவிட்டால் பிரிண்ட் ஆப்லெட், க்னோமோடு வந்த எவல்யூஷன் அலாரம், இவற்றின் டிக்கை எடுத்துவிடுங்கள். நெட்வொர்க் ஆப்லெட், பவர் மேனேஜர், பாலிசிகிட் மூன்றையும் தொடாதீர்கள். வெளியேறும் சாளரத்தில் செஷனைச் சேமிக்கச் சொல்லும் பெட்டி ஒன்று இருக்கும், அதில் டிக் இருந்தால் நேற்று திறந்திருந்த அத்தனையும் இன்று காலையில் ஒன்றாகக் கிளம்பி டிஸ்கை முட்டும், எடுத்துவிடுங்கள். துனாரின் விருப்பங்களில் சிறுபடம் காட்டுவதை நிறுத்துங்கள், வீடியோக்கள் நிறைந்த ஃபோல்டரைத் திறக்கும்போதெல்லாம் பிராசசர் திணறுவதற்கு அதுதான் காரணம். சாளரங்களுக்கு நிழல், ஒளிபுகும் தன்மை எல்லாம் சேர்த்துக் காட்டும் கம்பாசிட்டரை அணைக்கச் சொல்லி எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அணைத்தால் மிச்சம் சொற்பம், வீடியோ ஓடும்போது படம் குறுக்கே கிழிந்து தெரிய ஆரம்பிக்கும். சாளரத்தை இழுக்கும்போதே திணறுகிறது என்றால் மட்டும் அணைத்துப் பாருங்கள்.

உங்கள் உறைவுக்கு உண்மையான மருந்து ஸ்வாப்பில் இருக்கிறது. ரேம் நிரம்பியதும் லினக்ஸின் மையமான கர்னல், அப்போதைக்குத் தேவைப்படாத ரேம் துண்டுகளை ஹார்டு டிஸ்கிலுள்ள ஸ்வாப்புக்குத் தள்ளுகிறது, அடுத்த நொடியே அதில் பாதி மறுபடி தேவைப்படுகிறது. சுழலும் டிஸ்க் ஒவ்வொரு சிறு துண்டுக்கும் தலையை நகர்த்தித் தேட வேண்டியிருப்பதால், கணினி முழுவதும் அதற்காகக் காத்து நிற்கிறது. மவுஸ் அம்பு நிற்பது அதனால்தான், பிராசசர் போதாததால் இல்லை. இதற்கு இசட்ரேம் போடுங்கள். அது ரேமின் ஒரு பகுதியிலேயே ஸ்வாப்பை உருவாக்கி, உள்ளே வருவதைச் சுருக்கி வைக்கும். சாதாரணமாக இரண்டு மூன்று மடங்கு சுருங்கும், பெரும்பாலும் டிஸ்கை எட்டிப் பார்க்கவே வேண்டியதில்லை. ஃபெடோரா 33-லிருந்து, அதாவது 2020 முதல், இது இயல்பாகவே வருகிறது. டெபியனில் நாம்தான் போட வேண்டும். இசட்ரேம்-டூல்ஸ் பொதியை நிறுவி, ஈடிசி டிஃபால்ட் ஃபோல்டரில் உள்ள இசட்ரேம்ஸ்வாப் கோப்பைத் திறந்து, சுருக்கும் முறைக்கு இசட்ஸ்டாண்டர்டு, அளவுக்கு 50 சதவீதம் என்று வைத்து, அந்தச் சேவையை மறுபடி தொடங்குங்கள். பிராசசர் மிகவும் பலவீனம் என்றால் எல்இசட்4 வைக்கலாம், சுருக்கம் குறைந்தாலும் வேகம் அதிகம். பழைய டிஸ்க் ஸ்வாப்பை நீக்க வேண்டாம், கடைசிப் புகலிடமாக அது இருந்துவிட்டுப் போகட்டும்.

இதோடு இயர்லிஊம் என்கிற சின்னச் சேவையையும் நிறுவுங்கள். கிடைக்கும் ரேமும் காலி ஸ்வாப்பும் இரண்டுமே 10 சதவீதத்துக்குக் கீழே போனால், அது அதிகம் தின்னும் நிரலை, பெரும்பாலும் ஒரு டேப்பை, நிறுத்திவிடும். ஒரு டேப் போனால் மறுபடி திறந்துகொள்ளலாம், பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல், சேமிக்காத வேலையும் தப்பிக்கும்.

பிரவுசரில் செய்ய வேண்டியது யூபிளாக் ஆரிஜின் நீட்சியைப் போடுவது. விளம்பரங்களும் பின்தொடரும் ஸ்கிரிப்டுகளும் ஏறாதபோது ரேமும் குறையும், பக்கமும் சட்டென்று வரும். எந்த டேப் எவ்வளவு தின்கிறது என்பதை ஃபயர்ஃபாக்ஸ் மெனுவிலுள்ள டாஸ்க் மேனேஜரில் பார்த்து, அங்கேயே மூடலாம். யூடியூப் திக்கினால் அதற்குக் காரணம் வேறு: அந்தத் தளம் முடிந்தவரை வீடியோவை விபி9 அல்லது ஏவி1 என்ற சுருக்க வடிவில் அனுப்புகிறது, உங்கள் வயதுள்ள இன்டெல் சிப்கள் பெரும்பாலும் அவற்றை வன்பொருளில் முழுமையாக விரிக்காது, எல்லாம் பிராசசரின் தலையில் விழும். எச்264ஐஃபை என்ற நீட்சி எச்.264 வடிவத்தையே கேட்டு வாங்கித் தரும், அதை அந்தச் சிப் சிரமமில்லாமல் விரிக்கும்.

கையில் கொஞ்சம் காசு இருந்தால் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு சாட்டா எஸ்எஸ்டி மாட்டுங்கள். மேலே சொன்னது எல்லாவற்றையும்விட அதிக மாற்றம் அதில்தான் தெரியும். ஆனால் அதை வாங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

தமிழில் தட்டச்சு செய்ய க்னோமில் ஐபஸ் தானாக ஓடியிருக்கும், எக்ஸ்எஃப்சிஇயில் ஓடாமல் போகலாம். ஐபஸ்-எம்17என் பொதியைப் போட்டு, ஐஎம்-கான்ஃபிக் கட்டளையில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, வெளியேறி மறுபடி நுழைந்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் கிடைக்கும்.

க்னோமை எப்போது நீக்குவது? அவசரமே இல்லை. அது ஓடாமல் கிடப்பதால் டிஸ்கில் சில ஜிபி இடம் மட்டும்தான் போகிறது. ஒரு மாதம் எக்ஸ்எஃப்சிஇயில் எல்லாம் சரியாக நடக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் நீக்குங்கள். நீக்கும் முன் ஒரு வேலை கட்டாயம்: நெட்வொர்க் மேனேஜரையும் அதன் ஆப்லெட்டையும் நீங்களே நிறுவியதாக ஆப்ட்-மார்க் கட்டளையால் குறித்துவிடுங்கள். இல்லையென்றால், க்னோமுக்குத் துணையாக வந்தவை என்று கருதி, தேவையற்றதாகிவிட்ட பொதிகளை நீக்கும் ஆப்ட்டின் ஆட்டோரிமூவ் அவற்றையும் சேர்த்துத் துடைத்துவிடக்கூடும், பிறகு அவற்றைத் திரும்ப நிறுவ இணையமே இருக்காது. ஆட்டோரிமூவ் காட்டும் பட்டியலை முழுதாகப் படித்துவிட்டு, அதில் நெட்வொர்க், ஒலி, ஃபேர்ம்வேர் சம்பந்தப்பட்ட பெயர் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு மட்டும் ஒய் அழுத்துங்கள்.