ஈஸிஜெட் ஏன் போயிங்கை விட்டு ஏர்பஸுக்குப் போனது?

ஒரே ரக விமானம் வைத்திருந்தால்தான் செலவு மிச்சம் என்கிறார்களே, அப்புறம் ஏன் விமான நிறுவனங்கள் குறுந்தூரச் சேவைக்கு வேறு தயாரிப்பாளரிடம் போகின்றன என்பது கேள்வி.

முக்கியமாக விலைதான். பிரிட்டனின் மலிவுக் கட்டண விமான நிறுவனமான ஈஸிஜெட்டையே பாருங்கள். போயிங் 737-ஐ மட்டும் வைத்து வளர்ந்த நிறுவனம், 2002-இல் 120 ஏர்பஸ் ஏ319 வாங்க முடிவெடுத்தது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு விமானங்களுக்குக் கிராக்கி குறைந்திருந்த நேரம் அது. ஐரோப்பாவின் மலிவுக் கட்டணச் சந்தையோ 737-இன் கோட்டை. உள்ளே நுழைய ஏர்பஸ் பெரிய தள்ளுபடி கொடுத்தது. பேரம் பேச இதைவிட நல்ல சமயம் ஏது?

சரி, மாறுகிற செலவு? விமானிகளுக்குப் புதிய ரகத்தில் பயிற்சி, தனி உதிரி பாகங்கள், சில வருடம் இரண்டு ரகத்தையும் சேர்த்து ஓட்டும் தலைவலி. நூறு விமானத்துக்கு மேல் வாங்கும்போது இதெல்லாம் பிரிந்து சிறிதாகிவிடும். பத்து விமானம் வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாது.

விலையில் மட்டுமல்ல, வடிவமைப்பிலும் ஏர்பஸ் இறங்கி வந்தது. ஈஸிஜெட் ஒரு விமானத்துக்கு 156 இருக்கைகள் கேட்டது. வழக்கமான ஏ319-இல் இறக்கைக்கு மேலே பக்கத்துக்கு ஒரு அவசர வழிதான். அத்தனை பேருக்கு அது போதாது. பக்கத்துக்கு இரண்டாக வைத்தே ஏர்பஸ் கட்டிக் கொடுத்தது.