டெஸ்டில் ரெண்டு கோடு, கூடவே ரத்தக்கசிவு

டியூப் கர்ப்பம், அதாவது கரு கர்ப்பப்பைக்குள் போகாமல் கருக்குழாயிலேயே (டியூப்) தங்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு மகப்பேறு மருத்துவரின் பதில்கள்.

கேள்வி: டாக்டர், நாள் தள்ளி 12 நாளாச்சு. வீட்டில் டெஸ்ட் பண்ணினேன், ரெண்டு கோடு. நேற்றிலிருந்து காப்பித்தூள் நிறத்தில் லேசாகப் படுகிறது. வலி இல்லை. கரு டியூபில் தங்கியிருக்குமோ?

பதில்: நிறத்தை வைத்துச் சொல்ல முடியாதும்மா. முதல் மூன்று மாதத்தில் நாலு பேரில் ஒருவருக்கு ரத்தம் படுகிறது. அவர்களில் பெரும்பாலோருக்குக் கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கும். நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டுதான் வெளியே தங்குகிறது. ஆனால் அந்த ஒன்று உங்களுடையதா என்பதை வீட்டு டெஸ்ட் காட்டாது. டியூபில் இருந்தாலும் ரெண்டு கோடுதான் வரும்.

மாதவிலக்கு ஒழுங்காக வருபவர் என்றால் உங்களுக்கு இப்போது ஐந்தரை வாரம் தாண்டிவிட்டது. நாளைக்கே உள் ஸ்கேன் (பிறப்புறுப்பு வழியாக எடுப்பது) எடுங்கள். சிறுநீர் கழித்துவிட்டுப் போகலாம். வயிற்றின் மேல் எடுப்பதைவிட இதில் தெளிவாகத் தெரியும். கர்ப்பப்பைக்குள் ஒரு கறுப்பு வட்டம், அதற்குள் மோதிரம் போல் சின்ன வெள்ளை வளையம். அந்த வளையம் தெரிந்தால் கரு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. வெறும் கறுப்பு வட்டம் மட்டும் என்றால் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். டியூப் கர்ப்பத்திலும் கர்ப்பப்பைக்குள் நீர் சேர்ந்து பை மாதிரி தெரிவதுண்டு.

கேள்வி: ஸ்கேனில் கர்ப்பப்பை காலி. பீட்டா எச்சிஜி (ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் அளவு) 620. ரெண்டு நாள் கழித்து 790. ஏறுகிறதே, நல்லதுதானே?

பதில்: போதுமான ஏற்றம் இல்லை. 1500-க்குக் கீழே தொடங்கும் அளவு 48 மணி நேரத்தில் குறைந்தது 49 சதவீதம் ஏற வேண்டும். உங்களுக்கு 924 அளவில் வந்திருக்க வேண்டும். ஏறியது 27 சதவீதம்தான். கர்ப்பப்பைக்குள்ளேயே வளராமல் போகும் கருவாக இருக்கலாம், டியூபாகவும் இருக்கலாம். எண் மட்டும் இரண்டையும் பிரித்துக் காட்டாது. சில டியூப் கர்ப்பங்களில் எண் ஒழுங்காகவே ஏறும் என்பதையும் மனதில் வையுங்கள்.

620-ல் ஸ்கேன் காலியாக இருப்பது அதிசயமில்லை. பை தெரியும் அளவுக்குக் கரு வளர்ந்திருக்காது. இப்போதைக்கு உங்கள் நிலைமைக்குப் பெயர், ‘கர்ப்பம் உண்டு, இடம் தெரியவில்லை’ என்பதுதான். இன்னும் 48 மணி நேரத்தில் அதே லேபில் மறுபடி ரத்தம் கொடுங்கள். லேப் மாற்றினால் எண்களை ஒப்பிட முடியாது. இடம் தெரியும்வரை தனியாக வெளியூர் போகாதீர்கள்.

கேள்வி: மெடிக்கல் ஷாப்பில் கர்ப்பம் கலைக்கிற மாத்திரை வாங்கி மனைவிக்குக் கொடுத்தேன் சார். ஸ்கேன் எடுக்கலை. ரத்தம் நல்லாப் போச்சு. பத்து நாள் கழிச்சு இப்ப ஒரு பக்கம் அடிவயிறு வலிக்குதுங்கிறா.

பதில்: இன்றைக்கே கூட்டிப் போங்கள், காலைவரை காத்திருக்க வேண்டாம். அந்த மாத்திரைகள் வேலை செய்வது கர்ப்பப்பையில். ஒன்று உட்சுவரைத் தளர்த்தும், மற்றது தசையைச் சுருக்கி உள்ளிருப்பதை வெளியே தள்ளும். டியூபில் இருக்கும் கருவை இவை வெளியேற்றாது. டியூப் கர்ப்பத்திலும் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துத்தான் இருக்கும். மாத்திரை போட்டதும் அது உரிந்து, கட்டிகட்டியாக ரத்தம் போகும். வீட்டில் எல்லோரும் ‘முடிந்துவிட்டது’ என்று நினைப்பார்கள். கருவோ டியூபில் வளர்ந்துகொண்டிருக்கும். ஸ்கேன் இல்லாமல் இந்த மாத்திரை போடக்கூடாது என்று நாங்கள் மன்றாடுவது இதற்காகத்தான்.

மாத்திரை போட்ட தேதியை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் சாதாரணக் கருச்சிதைவு என்று நினைத்து அனுப்பிவிட வாய்ப்புண்டு.

கேள்வி: என் மருமகளுக்கு ஒன்றரை மாசம். காலையிலிருந்து அடிவயித்து வலி. இப்ப தோள்பட்டையும் வலிக்குதுங்கறா, எழுந்து நின்னா கண்ணு இருட்டுதாம். ரத்தம் லேசாத்தான் படுது. வாய்வுன்னு ஓமத்தண்ணி கொடுத்திருக்கேன்.

பதில்: அம்மா, இதைப் படித்ததும் 108-க்குப் போன் போடுங்கள். டியூப் வெடித்தால் ரத்தம் வெளியே வராது, வயிற்றுக்குள் சேரும். அது மேலே உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) தொட்டால் அங்குள்ள நரம்பு வலியைத் தோளில் காட்டும். வெளியே லேசாகத்தான் படுகிறது என்பதை நம்பி இருக்காதீர்கள். படுக்க வையுங்கள், எழுப்பி நடத்த வேண்டாம். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் இனி தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். ஆபரேஷன் தியேட்டரும் ரத்த வங்கியும் உள்ள ஆஸ்பத்திரிக்கே போகச் சொல்லுங்கள். ரத்த வகைச் சீட்டு இருந்தால் கையில் எடுங்கள், தேடி நேரம் போக்க வேண்டாம்.

கேள்வி: குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செஞ்சு 7 வருஷம் ஆச்சு. நாள் தள்ளி, இப்ப சொட்டுச் சொட்டாப் படுது. கர்ப்பமா இருக்க வாய்ப்பே இல்லைதானே?

பதில்: அரிது, ஆனால் உண்டு. அப்படி உண்டானால் மூன்றில் ஒன்று டியூபில் இருக்கும். காப்பர்-டி போட்டவர்களுக்கும் அதே கவனம் தேவை. இன்றே சிறுநீர் டெஸ்ட் செய்யுங்கள். ரெண்டு கோடு வந்தால் தாமதிக்காமல் ஸ்கேன்.

கேள்வி: டியூபில்தான் என்று உறுதியாகி மெத்தோட்ரெக்சேட் ஊசி போட்டார்கள். பீட்டா எச்சிஜி முதல் நாள் 1800, நாலாம் நாள் 2300. ஊசி வேலை செய்யலையா?

பதில்: பயப்படாதீர்கள், நாலாம் நாள் ஏறுவது வழக்கம்தான். பார்க்க வேண்டியது நாலாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே. குறைந்தது 15 சதவீதம் இறங்க வேண்டும். உங்களுக்கு 1955 அல்லது அதற்குக் கீழே. இறங்காவிட்டால் இரண்டாவது ஊசியோ ஆபரேஷனோ தேவைப்படும். இறங்கினாலும் எண் மறையும்வரை வாரம் ஒருமுறை பார்ப்பார்கள், சில வாரங்கள் ஆகும்.

மருந்தின் அளவு உடற்பரப்பைப் பொறுத்தது, சதுர மீட்டருக்கு 50 மி.கி. 150 செ.மீ. உயரம், 55 கிலோ எடை என்றால் சுமார் 75 மி.கி. வரும். இந்த மருந்து ஃபோலிக் அமிலத்தைத் தடுத்துத்தான் கருவின் வளர்ச்சியை நிறுத்துகிறது. ஆகவே ஃபோலிக் மாத்திரையை நிறுத்துங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்: இரும்புச்சத்து மாத்திரையிலும் பெரும்பாலும் அது கலந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் படியுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும்; டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வேண்டாம். மதுவும் தாம்பத்தியமும் கூடாது, கடும் வெயிலையும் தவிருங்கள். அடுத்த கர்ப்பத்துக்கு 3 மாத இடைவெளி விடுங்கள். முதல் வாரத்தில் லேசான வலி வரும். வலி கூடினாலோ மயக்கம் வந்தாலோ எண் இறங்குகிறதே என்று பார்த்திருக்காமல் ஓடுங்கள். இறங்கும்போதும் டியூப் வெடிக்கலாம்.

கேள்வி: எனக்கு ஓ நெகட்டிவ். தனியா ஊசி உண்டா?

பதில்: ஆன்டி-டி. உங்கள் கணவருக்கு பாசிட்டிவ் என்றால், ரத்தக்கசிவோ சிகிச்சையோ நடந்த 72 மணி நேரத்துக்குள் போடச் சொல்லிக் கேளுங்கள். அவசரத்தில் விட்டுப்போவது உண்டு.

கேள்வி: ஒரு டியூபை எடுத்துவிட்டார்கள். இனிக் குழந்தை பிறக்குமா டாக்டர்?

பதில்: மற்ற டியூப் நன்றாக இருந்தால் பிறக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. எதிர்ப்பக்க முட்டையைக்கூட அந்த டியூப் எட்டிப் பிடிக்கும். மறுபடி டியூபில் தங்கும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம். அதனால் அடுத்த முறை ரெண்டு கோடு வந்ததும், ரத்தம் படாவிட்டாலும் ஆறாவது வாரத்தில் உள் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.