அமெரிக்கத் தொழிற்சங்கங்களின் 'பேக்' (PAC, அரசியல் நடவடிக்கைக் குழு) என்றால் என்ன? தேர்தலில் அதன் வேலை என்ன?

வேட்பாளர்களுக்கு நன்கொடை கொடுக்கத் தொழிற்சங்கம் தனியாக வைத்திருக்கும் நிதிக்குழுதான் 'பேக்'. தனியாக ஏன்? சங்கத்தின் பொதுநிதியிலிருந்து கூட்டாட்சித் தேர்தல் (அதிபர், நாடாளுமன்றத் தேர்தல்) வேட்பாளருக்குப் பணம் தர 1943-ல் ஒரு போர்க்காலச் சட்டம் தடை போட்டது. 1947-ல் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் அதை நிரந்தரமாக்கியது. தடை வந்த அதே 1943-ல், சிஐஓ என்ற சங்கக் கூட்டமைப்பு தன் பேக்கைத் தொடங்கிவிட்டது!

அடுக்குமாடிக் குடியிருப்பில் மாதப் பராமரிப்புக் கட்டணம் வேறு, பொங்கல் விழா வசூல் வேறு அல்லவா? சந்தாவும் பேக் நிதியும் அப்படித்தான். பேக்குக்குக் கொடுப்பது அவரவர் விருப்பம். ஒருவர் ஆண்டுக்கு 5,000 டாலர் வரை தரலாம். உறுப்பினர் சம்மதித்தால் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம். கேட்காமல் பிடித்துவிட்டு, "வேண்டாமென்றால் திருப்பித் தருகிறோம்" என்பது செல்லாது.

ஆறு மாதம் பதிவில் இருந்து, 50 பேருக்கு மேற்பட்டவர்களிடம் பணம் பெற்று, 5 வேட்பாளர்களுக்காவது கொடுத்த பேக், ஒரு வேட்பாளருக்கு முதன்மைத் தேர்தலுக்கு (கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது) 5,000 டாலர், பொதுத்தேர்தலுக்கு இன்னொரு 5,000 தரலாம். பேக்கின் அலுவலகச் செலவைச் சங்கப் பொதுநிதியே ஏற்கலாம்.

என் கணிப்பில், இந்தக் காசோலையைவிட உறுப்பினர்கள் வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்பதற்கே மதிப்பு அதிகம்.

சந்தாப் பணம் தேர்தல் பக்கமே போகாது என்று பலர் நினைப்பது தவறு: கூட்டாட்சி வேட்பாளர் கைக்குத்தான் போகக்கூடாது, 2010-ல் உச்ச நீதிமன்றம் தந்த சிட்டிசன்ஸ் யுனைடெட் தீர்ப்புக்குப் பின், வேட்பாளரோடு கலந்து பேசாமல் செய்யும் விளம்பரத்துக்கு அதை வரம்பின்றிச் செலவிடலாம்.