ராஜகாலுவேயில் கோரை: கணக்கு ஏன் உதைக்கிறது?

நீர் ஆழம் 60 செ.மீ. வரும் என்று கணக்கிட்ட, கோரை மண்டிய உங்கள் பெங்களூரு லேஅவுட் ராஜகாலுவேயில் (மழைநீர்க் கால்வாயில்) மழைக்கு 1 மீட்டருக்கு மேல் தேங்குகிறது என்றீர்களே, காரணம் மானிங் n, அதாவது கால்வாயின் பரப்பும் செடிகளும் நீரோட்டத்தை எவ்வளவு தடுக்கின்றன என்று காட்டும் எண். நீங்கள் போட்ட 0.03 களையில்லாத கால்வாய்க்கானது. அடர்ந்த சம்பங்கோரைக்கு 0.08 முதல் 0.12 வரை போடலாம். அகலமான கால்வாயில் n மூன்று மடங்கானால் அதே நீருக்கு ஆழம் 3-இன் 0.6 அடுக்கு, அதாவது சுமார் 1.9 மடங்கு: 116 செ.மீ.! மூழ்கிய புல் வெள்ளத்தில் படுத்துக்கொள்ளும். கோரை படுக்காது, ஆழம் ஏற ஏற இழுவையும் கூடும். தண்டுகளுக்கு இடையே நீரின் வேகம் செத்து வண்டல் படியும்.

முழுக்க வழிக்காதீர்கள், கரை அரிக்கும். கீழ்முனையிலிருந்து மேல்நோக்கி நடுவில் பாதி அகலம் வெட்டுங்கள். திறந்த பட்டையின் ஓரத்தில்தான் சுழல்கள் உருளும். ஓரக் கோரை அதைத் தாங்கும். வெட்டியதை அன்றே வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் சாலைக்கு அடியில் நீர் போகும் கல்வெர்ட்டை அடைக்கும்.