உதய சூரியனா, புதிய சூரியனா?

அன்புள்ள ஐயா,

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கும் என் மச்சானுக்கும் பல வருஷமாக ஒரு வழக்கு. ‘அன்பே வா’ படத்தின் ‘புதிய வானம் புதிய பூமி’ பாட்டில் “உதய சூரியனின் பார்வையிலே” என்றுதான் டி.எம்.எஸ். பாடுகிறார் என்பது அவர் கட்சி. தேவனாம்பட்டினம் மாசி மகத்தில் மைக் செட்டில் கேட்டுக் கேட்டு மனப்பாடமாம். எனக்கோ “புதிய சூரியனின்” என்று கேட்கிறது. நெட்டில் தேடினால் இரண்டு மாதிரியும் போட்டிருக்கிறார்கள். எது சரி?

இன்னும் இரண்டு சந்தேகம். ‘பருவமே புதிய பாடல் பாடு’ பாட்டில் ஓடுகிற கால் சத்தம் நிஜமான ஷூ சத்தமா? கொட்டாங்குச்சியைத் தட்டியது என்கிறார் ஒரு நண்பர். அப்புறம், ‘முக்காலா முக்காபுலா’ என்றால் என்ன? என் பெண் கேட்டபோது ஏதோ உருது என்று சொல்லித் தப்பித்திருக்கிறேன்.

ஒரு வாசகர், கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தில் இருப்பது “புதிய சூரியனின்”. நீங்கள் சொன்னதுதான் சரி. ஆனால் அதற்காக மச்சான் முன்னால் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாதீர்கள். வாலி எழுதியது “உதய சூரியனின்”.

‘அன்பே வா’ 1966 பொங்கலுக்கு வந்தது. முதலமைச்சர் பக்தவத்சலம். அடுத்த வருஷம் தேர்தல். எம்.ஜி.ஆர். அப்போது தி.மு.க.வில் இருக்கிறார், கட்சியின் சின்னம் உதயசூரியன். அப்படிப்பட்டவர் சிம்லாவில் துள்ளிக்கொண்டு வந்து “உதய சூரியனின் பார்வையிலே உலகம் விழித்துக்கொண்ட வேளையிலே” என்று வாயசைத்தால் அது விடியலைப் பற்றிய வர்ணனை என்று யார் நம்புவார்கள்? தணிக்கைக் குழு ஆட்சேபித்தது, ‘உதய’ போய் ‘புதிய’ வந்தது. பல்லவியிலேயே இரண்டு ‘புதிய’ இருப்பதால் மூன்றாவது ஒன்று ஒட்டுப்போட்டதாகத் தெரியவில்லை. சந்தமும் கெடவில்லை. பாட்டில் கை வைப்பதென்றால் இப்படித்தான் வைக்க வேண்டும்.

சரி, பாடாத சொல் உங்கள் மச்சான் காதில் எப்படி விழுகிறது? அவர் காதைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘பு’ என்பது உதட்டை மூடித் திறந்த ஒரு ‘உ’, அவ்வளவுதான். தமிழ் ‘ப’வில் இந்திக்காரர்களின் ‘ப்ஹ’ மாதிரி காற்று வெடித்து வெளியே வருவதும் இல்லை. உதடு திறக்கும் அந்த ஒரு நொடித்துணுக்கு காதுக்குத் தப்பிவிட்டால் மிச்சமிருப்பது ‘உதிய’. அதை ‘உதய’ ஆக்கிக்கொள்ள எத்தனை நேரம் ஆகும்? பாட்டோ ஓட்டமான பாட்டு, பின்னால் பெரிய வாத்தியக் குழு வேறு. அந்தக் காலத்தில் பாடகரும் வாத்தியங்களும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில். ‘சர்வர் சுந்தரம்’ படத்தின் ‘அவளுக்கென்ன அழகிய முகம்’ பாட்டில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டி.எம்.எஸ்ஸும் எம்.எஸ்.விஸ்வநாதனும் திரையிலேயே வருவார்கள். குரலை மட்டும் தனியாகத் துடைத்து எடுத்துக் கூர்மையாக்குகிற வசதியெல்லாம் பின்னால் வந்தது.

இதற்கு மேல் மைக் செட். கோயில் திருவிழாவில் கட்டுகிற கூம்பு ஸ்பீக்கர் தூரத்துக்குப் போகும், ஆனால் கீழ் ஒலியையும் மேல் ஒலியையும் வெட்டிவிட்டு நடுவில் உள்ளதை மட்டும் கத்தும். பழைய தொலைபேசியும் இப்படித்தான், 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். போனில் ஊர் பேர் சொல்லும்போது ‘பம்பாய் ப’வா, ‘மெட்ராஸ் ம’வா என்று கேட்டார்களே, அது இதனால்தான். உயிரெழுத்து பிழைத்துவிடும், மெய்யெழுத்து அடிபடும். தேவனாம்பட்டினத்தில் கடல் காற்றும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

விட்டுப்போனதை யார் நிரப்புவது? மனசுதான். 1970ல் ரிச்சர்ட் வாரன் என்ற அமெரிக்க ஆய்வாளர், பதிவு செய்த ஒரு வாக்கியத்தில் ஒரு சொல்லின் நடுவிலிருந்து ஒரே ஒரு ஒலியை வெட்டி எடுத்துவிட்டு, அங்கே ஓர் இருமலை வைத்தார். கேட்டவர்களுக்கு எழுத்து காணாமல் போனதே தெரியவில்லை. முழுச் சொல்லும் காதில் விழுந்தது என்றே சாதித்தார்கள். இருமல் எந்த இடத்தில் வந்தது என்பதைக்கூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. 1967ல் தி.மு.க. ஆட்சிக்கு வந்துவிட்டது. எம்.ஜி.ஆர். பாட்டில் ‘...தய சூரியன்’ என்று ஏதோ கேட்டால் அந்தக் காலத்துக் காது முன்னால் எதைப் போட்டு நிரப்பியிருக்கும்? ஆக, உங்கள் மச்சான் காதில் விழுந்தது பாட்டில் இல்லை, ஆனால் கவிஞர் காகிதத்தில் இருந்தது. உங்களைவிட அவர்தான் வாலிக்குப் பக்கத்தில் இருக்கிறார். இதை அவரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.

பாட்டு வரி வழக்குகளில் பாதி இப்படித்தான் இழுபடுகிறது. எழுதியது, பாடியது, கேட்டது மூன்றும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு சண்டை போடுகிறோம். தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தை ஒருவர் சாட்சிக்குக் கொண்டுவந்தால், அது காகிதத்துக்குத்தான் சாட்சி, பாடகரின் வாய்க்கு இல்லை. இணையத்தில் இருக்கும் வரிகளை நான் சாட்சியாகவே சேர்ப்பதில்லை. யாரோ ஒருவர் காதில் விழுந்ததைப் பத்துப் பேர் நகலெடுத்தது அது. காகிதமே காலை வாருவதும் உண்டு. ‘திருவிளையாடல்’ படத்தில் “பாட்டும் நானே பாவமும் நானே” என்று அச்சில் படிக்கிற பிள்ளை, சிவபெருமான் ஏன் பாவத்தை ஒப்புக்கொள்கிறார் என்று கேட்கும். அங்கே சொல்வது உணர்ச்சி என்ற பொருளில் வரும் ‘bhavam’, ஆனால் நம் எழுத்தில் இரண்டு ‘பா’வும் ஒன்றுதானே. டி.எம்.எஸ். பாடுவதைக் கேட்டால் சந்தேகமே வராது. அங்கே காதுதான் நீதிபதி. சில சமயம் பாடகரே வழக்குக்குக் காரணமாகிறார். ‘ரன்’ படத்தின் ‘காதல் பிசாசே’யில் உதித் நாராயண் ‘பரவாயில்லை’யைப் ‘பருவாயில்லை’ ஆக்கினார். கேட்டவர்களும் பரவாயில்லை என்று விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது சந்தேகத்துக்கு வருகிறேன். ஷூவும் இல்லை, கொட்டாங்குச்சியும் இல்லை. மகேந்திரனின் ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ (1980) படத்தில் வரும் அந்த ஓட்டச் சத்தம், கையால் தொடையைத் தட்டி எழுப்பியது. யோசித்தால் இளையராஜாவுக்கு வேறு வழி இருந்திருக்காது என்று தோன்றுகிறது. தபேலா என்றால் அதற்கென்று ஒரு சுருதி உண்டு, தட்டியதும் ரீங்காரம் கொஞ்சம் நிற்கும். கொட்டாங்குச்சி குதிரையை ஞாபகப்படுத்தும். தொடையில் சதையும் துணியும் சேர்ந்து சத்தத்தை அந்த இடத்திலேயே அமுக்கிவிடும். ரப்பர் ஷூ மண்ணில் பட்டால் வருகிற அதே மொத்தல். நிஜ ஓட்டமாக இருந்தால் தாளத்தில் நிற்குமா? சில்வர் பீச் பக்கம் தார் ரோட்டில் ஓடி, போனில் பதிவு செய்து பாருங்கள். காற்றும் உங்கள் இரைப்பும்தான் மிஞ்சும். எஸ்.பி.பி.யும் ஜானகியும் பாட, அடியில் அந்தத் தட்டல் ஒரு இடத்திலும் தளராமல் வருகிறதே, அது கைதேர்ந்த வாத்தியக்காரரின் வேலை. அந்தப் படத்துக்காக ஒளிப்பதிவில் அசோக்குமாருக்கும் ஒலிப்பதிவில் எஸ்.பி.ராமநாதனுக்கும் தேசிய விருது கிடைத்தது. முன்னதைத்தான் எல்லோரும் பேசுகிறோம்.

இந்த மாதிரி சத்தங்களில் உங்களுக்கு ஆசை இருந்தால் ‘அவள் ஒரு தொடர்கதை’யில் ‘கடவுள் அமைத்து வைத்த மேடை’யை மறுபடி கேளுங்கள். எஸ்.பி.பி. குரலுக்கு நடுவே வரும் பிராணிகள் அத்தனையும் சதன் என்ற ஒரே மனிதரின் வாய். ‘திருடா திருடா’வின் ‘ராசாத்தி’ பாட்டில் என்ன வாத்தியம் என்று தேடாதீர்கள். ஒன்றும் கிடையாது. எல்லாம் குரல்.

கடைசியாக முக்காலா. உருது என்று சொன்னது பாதி பொய்தான். ‘முகாபலா’ என்று உருதுவில் ஒரு சொல் இருக்கிறது. போட்டி, நேருக்கு நேர் மோதல் என்று பொருள். ‘முக்காபுலா’வில் அதன் வாடை அடிக்கிறது. ‘முக்காலா’வுக்கு அந்தப் பாத்தியதையும் இல்லை. ‘காதலன்’ (1994) படத்துக்கு இதை எழுதியவரும் அதே வாலிதான். உதயசூரியனால் தணிக்கையில் மாட்டியவர், இருபத்தெட்டு வருஷம் கழித்து யாரும் எந்தக் குற்றமும் கண்டுபிடிக்க முடியாத ஒரு வரியை எழுதினார். பொருள் இல்லையே என்று வருத்தப்படுபவர்கள் உங்கள் ஊர்க் கடற்கரையில் கரைவலை இழுக்கிறவர்களின் அம்பாப் பாட்டைக் கேட்க வேண்டும். ‘ஏலேலோ’வுக்கும் ‘ஐலசா’வுக்கும் அகராதியில் என்ன வேலை? எல்லாக் கையும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும், அதற்குத்தான் அது. முக்காலாவில் கை போய்க் கால் வந்திருக்கிறது. மனோவும் ஸ்வர்ணலதாவும் அதைப் பாடிய மிடுக்கில் அகராதி ஞாபகம் யாருக்கு வரும்?

உங்கள் பெண்ணுக்கு ‘தமிழ்ப் படம்’ (2010) படத்தின் ‘ஓ மகசீயா’வைப் போட்டுக் காட்டுங்கள். சினிமாப் பாட்டுகளில் வந்த இந்த மாதிரி சொற்களாகவே பொறுக்கிக் கோத்த பாட்டு அது. எந்தச் சொல் எந்தப் பாட்டிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். லீவு நாளில் ஒரு மணி நேரம் ஓடிவிடும். மச்சானையும் சேர்த்துக்கொள்ளலாம்.